கண்டல் மூலையில் பதின்மூன்று பேர்

கடலோரக் களப்புக்குள் இறங்குமுன் பெண்கள் தங்கள் செருப்புகளை என்னிடம் கழற்றி வைப்பார்கள். பன்னிரண்டு சோடி ரப்பர் செருப்பு, ஒரு சோடி சப்பாத்து. சப்பாத்து வீரம்மா அக்காவுடையது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர் அவர். பஸ் ஏற ஒன்றரைக் கட்டை தூரம் காட்டோரமாக நடக்க வேண்டும். “யானை வந்தா செருப்போட ஓட முடியாது புள்ள” என்பார். ஒரு நாளும் யானை துரத்தியதில்லை. ஆனாலும் சப்பாத்துத்தான்.

கரையில் இருப்பதுதான் என் வேலை. மாற்றுடுப்புப் பைகளையும் போன்களையும் தேத்தண்ணிப் போத்தலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான வேலை, எண்களைக் கேட்பது.

எங்கள் பெண்கள் இறால் தடவுகிறவர்கள். வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். உள்ளங்கையில் இறால் துடித்தால் அமத்தி எடுத்து, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்ட வெட்டிய பிளாஸ்ரிக் கானுக்குள் போடுவார்கள். தனித்தனியாகத் தடவினால் இறால் ஓடிவிடும். அதனால் கண்டல் மரங்கள் நிற்கிற மூலையில் பெரிய வட்டமாக நின்று, உள்ளே உள்ளே நெருங்கி வருவார்கள். அம்மா முதலாவது. அம்மாவுக்கு இடப்பக்கம் றெஜினா அக்கா இரண்டாவது. அப்படியே சுற்றி வந்தால் வீரம்மா அக்கா பதின்மூன்றாவது. கடைசி என்றாலும் அவர் நிற்பது அம்மாவின் வலது கைப்பக்கம்.

களப்பின் அடியில் குழிகள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. மாசிப் பனியில் பக்கத்தில் நிற்கிறவரின் தலையும் தெரியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அம்மா “ஒண்டு!” என்று கத்துவார். றெஜினா அக்கா “ரெண்டு!” என்பார். அப்படியே சுற்றி வந்து கடைசியில் வீரம்மா அக்காவின் “பதிமூணு!” கேட்கும். இடையில் ஓர் எண் வராவிட்டால் நான் விசில் ஊத வேண்டும். எல்லோரும் அந்த இடத்துக்குப் பாய்வார்கள். விசில், அம்மா சந்தையில் வாங்கித் தந்தது. எனக்குக் கத்த வராது.

பள்ளிக்கூடத்தையும் அதனால்தான் பத்தாம் வகுப்போடு விட்டேன். எழும்பி வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் வராது. கரையில் எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அம்மாவின் உடுப்புப் பைக்கு அடியில் ஒரு கொப்பி வைத்திருப்பேன். எண்களுக்கு இடையில் அதில் எழுதுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசி மாதம் ஒரு மத்தியானம் அப்பா சோற்றைக் குழைத்தபடி ஒரு செய்தி சொன்னார். அப்பாவின் பெயர் றொமேஸ். களப்புத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருட அங்கத்தவர்.

“கண்டல் மூலையில சிறகுவலை கட்ட விடப் போகினமாம். இண்டைக்குக் கூட்டத்தில செயலாளர் கிறிஸ்ரி கேட்டவன். பங்குனிக் கூட்டத்தில முடிவெடுப்பினம்.”

சிறகுவலை என்றால் தடிகள் நட்டு நிரந்தரமாகக் கட்டுகிற வலை. அது வந்தால் அந்த மூலையில் கால் வைக்க முடியாது. மற்ற இடமெல்லாம் பெண்களுக்குக் கழுத்தளவு ஆழம்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான் என்ன சொல்லுறது?”

“நித்திரை கொண்டிருப்பியள்.”

“கொஞ்சம் கண் அயந்திட்டன். காத்து நல்லா வந்தது.”

“அப்ப நானும் சங்கத்தில சேரப் போறன்.”

அப்பா சிரித்துவிட்டார். “உனக்கேன் யூலிற்றா அங்கத்துவம்? நான் இருக்கிறன்தானே.”

“நீங்கள் இருக்கிறியள்தான். குறட்டையோட எல்லோ இருக்கிறியள். எங்கட மூலைக்கு முழிச்சிருக்கிற ஆள் வேணும்.”

அப்பா தன் சோற்றுக் கோப்பையிலிருந்த பொரித்த இறாலில் பெரியதாக ஒன்றை எடுத்து அம்மாவின் கோப்பையில் வைத்தார். எங்கள் வீட்டில் ஆண்கள் தோற்றுப்போவது இப்படித்தான்.

பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஜெயரூபினி மிஸ் அடுத்த கிழமை ஸ்கூட்டியில் கரைக்கே வந்தார். சங்கத்தின் விண்ணப்பப் படிவங்களும், மகளிர் தினத்துக்காக அடித்த நாலு பக்கத் தாள் ஒன்றும் கொண்டுவந்தார். இலங்கைப் பெண்கள் தங்கள் உரிமைகளை எப்படிக் கேட்டுப் பெற்றார்கள் என்ற வரலாறு அதில் இருந்தது. “இதை ஆராவது வாசிச்சுக் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

எல்லோரும் கண்டல் நிழலில் வட்டமாக இருந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா தாளை என்னிடம் நீட்டினார்.

“நான் மாட்டன் அம்மா.”

“இஞ்ச ஆர் வாத்தியார் இருக்கினம்? இறாலுக்கு வாசி. நாங்கள் சும்மா கேக்கிறம்.”

நான் கான்களைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். மெல்லத்தான் வாசித்தேன். அவர்கள் தலை கிள்ளுகிற சத்தத்தைக் குறைத்தார்கள்.

1927இல் கொழும்புப் பெண்கள் சிலர் வாக்குரிமை கேட்டுச் சங்கம் தொடங்கினார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த ஆணைக்குழுவின் முன் போனார்கள். பெண்களுக்கு வாக்கு எதற்கு என்று பெரிய மனிதர்கள் பலர் எதிர்த்தார்கள். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்றது. பிறகு இருபத்தொன்று ஆயிற்று. 1931இல் பெண்கள் வாக்களித்தார்கள்.

“முப்பத்தொண்டிலயோ?” என்றார் றெஜினா அக்கா. “எங்கட சங்கத்துக்கு இன்னும் வந்து சேரேல்லையே.”

“முல்லைத்தீவு பஸ் எப்பவும் பிந்தித்தானே வரும்” என்றார் அம்மா.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் அடுத்த பந்தியை வாசித்தேன். அந்தச் சங்கம் முதலில் எல்லாப் பெண்களுக்கும் கேட்கவில்லையாம். படித்த, வசதியுள்ள பெண்களுக்குத்தான் கேட்டதாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவில் ஒருவர் கேட்டபோது, போனவர்களில் ஒருவர் சொன்னாராம்: நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே.

வீரம்மா அக்காவின் கை நின்றது. அவருடைய பெற்றோர் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள்.

“அப்படியா சொன்னாங்க?”

“ஓம் அக்கா. இதில இருக்கு.”

“நல்ல மனுசி.” ஓர் இறாலைக் கிள்ளிக் கானுக்குள் போட்டார். “ஆனா சுதந்திரம் வந்த கையோட அத எங்க ஆளுகள்ட்ட இருந்து புடுங்கிட்டாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு வோட்டும் போடல. ஆஸ்பத்திரில பேர் பதியுறப்போ, ‘எந்த நாடு’ன்னு கேட்டா ‘களை புடுங்குற நாடு’ன்னு சொல்லும்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் படிவங்களை எடுத்தோம். நான் எழுத வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பெயரும் முகவரியும் இலேசாகப் போயின. ‘தொழில் உபகரணம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். படகின் இலக்கம், இயந்திரத்தின் வலு, வலையின் வகை என்று அடியில் கோடுகள் இருந்தன.

“என்ன எழுதுறது அம்மா?”

அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். சேறு காய்ந்த விரல்கள், கெளிறு மீன் குத்திய பழைய தழும்பு. “இதுதான் இருக்கு. இதை எழுது.”

அப்படியே எழுதினேன். தொழில் உபகரணம்: இரண்டு கை.

பன்னிரண்டாவது படிவம் முடிந்தபோது நான் இன்னொன்றை எடுத்தேன். றெஜினா அக்கா என் கையைப் பிடித்தார்.

“பொறு டிலுசா. வீரம்மா வேற பிரிவு. எங்கட கிராம சேவகர் கையெழுத்து வைக்க மாட்டார். அவாவையும் போட்டா, எல்லைக்கு வெளிய உள்ள ஆள் எண்டு சொல்லிக் கிறிஸ்ரி முழுக் கட்டையும் தூக்கி எறிவான்.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கானைக் கழுவிக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் கழுவினார்.

“இப்ப பன்னிரண்டைக் குடுப்பம்” என்றார் கடைசியில். “நாங்கள் உள்ளுக்குப் போனாப் பிறகு அவாவைப் பாப்பம்.”

கொழும்புப் பெண்களும் இப்படித்தான் ஒரு நிழலில் இருந்து பட்டியல் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பயந்திருப்பார்கள். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். குரல் வரவில்லை. அன்று வீட்டில் பதின்மூன்றாவது படிவத்தை எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, என் கொப்பிக்குள் வைத்தேன். அங்கேயே இருந்தது.

பங்குனிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தொடங்கியது. சங்க மண்டபத்தில் நாற்பத்தொரு ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்சுவரோடு நின்றார்கள். ஆள்பலம் காட்ட எல்லோரும் வர வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்ததால் வீரம்மா அக்காவும் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டியலில் தான் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் கதவடியில் நின்றேன், கொப்பி நெஞ்சோடு.

சங்கத் தலைவர் ஞானப்பிரகாசம் அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா. செயலாளர் கிறிஸ்ரி அண்ணா எங்கள் படிவங்களில் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

“பெயர், யூலிற்றா றொமேஸ். படகு, கோடு. இயந்திரம், கோடு. உபகரணம்...” அவர் நிறுத்தினார். “ரெண்டு கை!”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. “காலை ஏன் விட்டவ?” என்று ஒருவர் கேட்டார். “கால் வீட்டில றொமேசை உதைக்க வேணுமே!” என்றார் இன்னொருவர். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்காமல் கையை உயர்த்தினார்.

“என்ர விண்ணப்பப் போமில மூண்டு வலை எண்டு எழுதிக் கிடக்கு. ரெண்டு போன மாரியோட அறுந்து போச்சு. இவையின்ர உபகரணம் அப்பிடி அறாது. சரி, விசயத்துக்கு வாறன். யூலிற்றா, கண்டல் மூலையில உண்மையில எத்தினை பேர் தொழில் செய்யிறியள்? சும்மா மதிப்பாய்ச் சொல்லாமல் ஒழுங்காய் எண்ணிச் சொல்லுங்கோ, பதிய வேணும்.”

வீட்டில் அம்மா அவரை அத்தான் என்பார். இன்று நிமிர்ந்து நின்று, “சொல்லுறம் தலைவர்” என்றார். சொல்லிவிட்டு, எத்தனை என்று கேட்டால் காலமெல்லாம் செய்கிற மாதிரியே செய்தார்.

“ஒண்டு!”

களப்பில் கத்துகிற அதே சத்தம். முன்வரிசையில் ஒரு கதிரை அசைந்தது. றெஜினா அக்கா யோசிக்கவே இல்லை. “ரெண்டு!” என்றார். பிறகு அது யார் கையிலும் இல்லை. மூண்டு, நாலு, ஐந்து என்று சுவரோடு எண்கள் ஓடின. பத்து. பதினொண்டு. பன்னிரண்டு.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஆயிரம் காலை கேட்டிருக்கிறேன்.

“பதிமூணு!” என்றது யன்னல்.

கத்திய பிறகுதான் வீரம்மா அக்காவுக்குத் தான் எங்கே நிற்கிறார் என்பது விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆண்கள் எல்லோரும் யன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிறிஸ்ரி அண்ணா படிவங்களை எண்ணினார். “பன்னிரண்டுதான் கிடக்கு. அதார் பதின்மூண்டு?” யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். “ஓ, இவாவோ. இவா எங்கட எல்லைக்குள்ள இல்லையே. தலைவர், ஆக்களை மறைச்சுப் போம் போட்டிருக்கினம். இதைத் திருப்பி அனுப்புங்கோ.”

றெஜினா அக்கா அம்மாவின் காதில், “சும்மா பாக்க வந்தவ எண்டு சொல்லு, யூலிற்றா. சொல்லு” என்றார். எனக்கும் கேட்டது. வீரம்மா அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் யன்னல் கம்பியை விட்டுவிட்டார்.

“நான் போறேன் யூலிற்றா” என்றார் வெளியே இருந்து. “பஸ் வந்துரும். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

அம்மா சுவரை விட்டு முன்னுக்கு வந்தார். “நில்லுங்கோ, பதின்மூண்டு” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

“மறைச்சது உண்மைதான். நான்தான் மறைச்சனான். உங்களுக்குப் பயந்து செய்தது. அவாவுக்குச் சொல்லவும் இல்லை. ஆனா தலைவர், நாங்கள் வட்டமாய் நிண்டு தடவுறனாங்கள். எனக்கு வலப்பக்கம் நிக்கிறது அவா. போன மார்கழியில நான் குழிக்குள்ள போகேக்க என்ர தலைமயிரில பிடிச்சு இழுத்தது இந்தக் கிராம சேவகர் பிரிவு இல்லை. பன்னிரண்டு பேரோட வட்டம் மூடாது. எடுத்தால் பதின்மூண்டு பேரையும் எடுங்கோ. இல்லாட்டி இந்தக் கட்டை அப்பிடியே தாங்கோ, கொண்டுபோறன்.”

“பிள்ளை, அவசரப்படாதை” என்றார் பெரியப்பா. “பன்னிரண்டெண்டால் இண்டைக்கே முடிப்பன்.”

“எனக்குத் தெரியும்” என்றார் அம்மா. கட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

“அப்ப அவாவின்ர போம் எங்க?” என்றார் கிறிஸ்ரி அண்ணா. “போமே இல்லாத ஆளுக்கு எப்பிடி முடிவெடுக்கிறது?”

கதவிலிருந்து மேசைக்குப் பதினாறு அடி. எண்ணிக்கொண்டே நடந்தேன். கொப்பியைத் திறந்து, படிவத்தை எடுத்து, பெரியப்பாவின் முன்னால் கட்டின் மேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் கொப்பியைப் பார்த்தார். எழும்பி, படிவத்தையும் தன் பேனாவையும் யன்னலால் நீட்டினார். வீரம்மா அக்கா யன்னல் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்து எழுதி மூச்சு விட்டு, அடுத்த எழுத்து எழுதினார்.

“எல்லையைப் பற்றிப் பிரதேச செயலகத்தில நான் கதைக்கிறன்” என்றார் பெரியப்பா. “எங்கட களப்பில தொழில் செய்யிற ஆள்தானே. பதின்மூண்டும் ஒண்டாய். சம்மதம் எண்டவை கை தூக்குங்கோ.”

முதலில் எழும்பியது அப்பாவின் கை. அவர் அன்று நித்திரை கொள்ளவே இல்லை. பிறகு ஒன்று, பிறகு மூன்று. மீதிப் பேரில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். நான் எண்ணினேன். எண்ணுவது என் வேலை. நாற்பத்தொன்றில் இருபத்திமூன்று.

“சிறகுவலைக் கதையை அடுத்த கூட்டத்துக்கு வைப்பம்” என்று பெரியப்பா புத்தகத்தை மூடினார். “புது அங்கத்தவர் இல்லாமல் அதைக் கதைக்கிறது முறையில்லை.”

கிறிஸ்ரி அண்ணா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஆனாலும் தேத்தண்ணி ஊற்றும்போது அவர்தான் பெண்கள் பக்கம் தின்பண்டத் தட்டை நீட்டினார். “ரெண்டு கையாலயும் எடுங்கோ” என்றார். றெஜினா அக்கா இரண்டு கையாலும் இரண்டு பணிஸ் எடுத்தார்.

வீரம்மா அக்காவைப் பஸ்ஸில் ஏற்ற நானும் போனேன். அம்மா பின்னால் வந்தார்.

“கோவமோ?” என்றார் அம்மா.

“இருக்காதா பின்ன?” வீரம்மா அக்கா நடையைக் குறைக்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன், பன்னெண்டக் குடுங்கன்னு. சொல்லாம விட்டதுதான் யூலிற்றா.”

“பிழைதான்.”

“பிழைதான்” என்றார் அவரும். கொஞ்ச தூரம் போனபிறகு, “நாளைக்கு முடியக் கட்டிக்கிட்டு வா. வழுக்குது. அன்னைக்கு ரெண்டு தரம் பிடிக்க வேண்டியதாப் போச்சு” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

பஸ் தெரிந்ததும் வீரம்மா அக்கா என் பக்கம் திரும்பினார். “போமை எப்ப எழுதுன?”

“அண்டைக்கே.”

“அந்தக் கொப்பில என்னைப் பத்தி வேற என்ன எழுதி வச்சிருக்க?”

நான் திடுக்கிட்டேன். “உங்களுக்குத் தெரியுமோ?”

“தண்ணிக்குள்ள குனிஞ்சாத்தான் புள்ள கரை நல்லாத் தெரியும்.” அவர் படியில் ஏறினார். “யானைக்குப் பயந்தவன்னு எழுதிராத.”

சித்திரைக் கூட்டத்தில் பதின்மூன்று பெண்களும் கதிரையில் இருந்தார்கள். சிறகுவலையை மூலைக்கு அப்பால் ஆழப் பக்கம் கட்டுவதென்று முடிவானது. அன்றே அங்கத்துவ அட்டைகளும் வந்தன. படிவக் கட்டில் மேலிருந்து கீழாகக் கிடந்த ஒழுங்கில் கிறிஸ்ரி அண்ணா இலக்கம் போட்டிருந்தார். கடைசியாக வைத்த படிவம் மேலே கிடந்தது. அதனால் புதிய அட்டைகளில் முதல் அட்டை வீரம்மா அக்காவுக்கு, இலக்கம் 212. அம்மாவுக்கு 213.

“கடைசியானோர் முதலாவர் எண்டு ஃபாதர் சும்மாவே சொல்லுறவர்?” என்றார் றெஜினா அக்கா, அடுத்த நாள் காலை கரையில். “யூலிற்றா, இனி நீ ரெண்டு. நான் மூண்டு.”

“அதெல்லாம் வேணாம்” என்றார் வீரம்மா அக்கா, அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதைச் சப்பாத்துக்குள் வைத்து, சப்பாத்தை என்னிடம் தந்தபடி. “எனக்குப் பதிமூணுதான் வாயில வருது.”

தண்ணீருக்குள் இறங்கிய பிறகும் அப்படித்தான் வந்தது.